டாலர் புதைத்த அம்பாரம்

நீடாமங்கலம் பஸ் நிலையத்தில் கிளம்பியபோது சேதி சின்னதாகத்தான் இருந்தது. கண்ணுசாமி என்று ஒரு விவசாயி, கொள்முதல் நிலையத்தில் கிடந்த தன் நெல் அம்பாரத்துக்குள் ஓர் அமெரிக்க டாலரைப் புதைத்து வைத்தாராம். அத்தனை மழையிலும் அவர் நெல்லில் மட்டும் ஈரம் ஏறவில்லையாம். மன்னார்குடியில் போய் இறங்கியபோது ஒரு டாலர் நூறு டாலராகியிருந்தது. வேளாங்கண்ணி பஸ்ஸில் அது ஒரு கட்டு. வேதாரண்யத்து உப்பளக்காரர்கள் வாயில் விழுந்தபோது கண்ணுசாமி எகிப்துக்கே போய் ஆறு மாதம் தங்கி, பிரமிடு கட்டும் ரகசியத்தைக் கற்று வந்தவர் ஆகிவிட்டார். உப்புக்கும் அந்த முறை சரிப்படுமா என்று அங்கே இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு தூரம் போன சேதியை அது கிளம்பிய இடத்திலேயே போய்ச் சரிபார்த்ததில் கிடைத்தது இவ்வளவுதான். கண்ணுசாமி எகிப்துக்குப் போகவில்லை. சேதி ஊர் ஊராகப் பஸ் ஏறியதற்கு முந்தைய பத்து நாளும் அவர், கடைசியில் தஞ்சாவூருக்கு ஒரு நடை போனதைத் தவிர, அந்தக் கொள்முதல் நிலையத்தை விட்டு எங்குமே போகவில்லை. டாலர் உண்மை, ஒன்றே ஒன்று. புதைத்ததும் உண்மை. ஈரத்துக்காகப் புதைத்தார் என்பது மட்டும் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவரும் சாட்சாத் கண்ணுசாமியேதான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு இருக்கிற தொல்லை போதும். வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு பொட்டல். ஓரத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு தராசு, ஒரு மேசை, ஈரம் பார்க்கிற ஒரு சின்ன மெஷின். குறுவை அறுத்தவர்கள் நெல்லைப் பொட்டலில் கொண்டுவந்து கொட்டி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு நம்பர் அட்டை கட்டிவிட்டு, முறைக்குக் காத்திருப்பார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் நெல் தராசுக்குப் போகும். பதினேழு புள்ளி ஒன்று என்றால் நெல்லும் வெளியே, ஆளும் வெளியே. கண்ணுசாமி மூன்று ஏக்கர் நெல்லோடு ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். நம்பர் பதினான்கு. இரண்டு நாளில் ஆகிவிடும் என்றார்கள். மறுநாள் சாக்கு தீர்ந்துபோனது.

சாக்கு வரும் என்றார்கள். நாளைக்கு வரும். நாளைக்குக் கேட்டால், கிளம்பிவிட்டது. எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் சொல்லவில்லை. போகிற வேகத்தைப் பார்த்தால் கல்கத்தாவிலிருந்து நடந்து வருகிறது போலிருந்தது. இதற்கிடையில் மழை மட்டும் யாரும் கேட்காமலேயே தினம் ஒருமுறை வந்து போனது.

நெல்லைத் திரும்பக் கொண்டுபோகலாம் என்றால் டிராக்டர் வாடகை, கொண்டுபோனால் கொட்ட வீட்டில் இடம் இல்லை, நம்பரும் போய்விடும். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் மேகம் கூடும்போது படுதா போட ஆள் வேண்டும், மாட்டை விரட்ட ஆள் வேண்டும், வெயில் எட்டிப் பார்த்தால் கிண்டிவிட ஆள் வேண்டும். நெல்லைச் சுற்றித்தான் கயிறு கட்டியிருந்தது. கட்டுண்டு கிடந்தது கண்ணுசாமி. குளிக்க மதகு, சாப்பிட மனைவி ரெங்கம்மாள் கொண்டுவரும் தூக்கு, படுக்க ஒரு சிமென்ட் குழாய். ஐந்தாம் நாள் சட்டையை உதறினால் அரைப்படி நெல் விழும் என்று ரெங்கம்மாள் சொன்னது கொஞ்சம்தான் மிகை.

இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். கண்ணுசாமிக்குத் தனியாக ஒன்று இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தஞ்சாவூரில் அவர் மகள் எழில்மொழிக்குப் பட்டமளிப்பு. வரலாறு எம்.ஏ. அந்த வம்சத்தில் பள்ளிக்கூடத்தை அடி முதல் நுனி வரை பார்த்த முதல் ஆள் அவள்தான். பெற்றோருக்கு இரண்டு அனுமதிச் சீட்டு. ஒன்று ரெங்கம்மாளின் கைப்பையில் இருந்தது. மற்றொன்றைக் கண்ணுசாமி செல்போன் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நான்கு தடவை அதை எடுத்துப் பார்ப்பார். பிறகு அம்பாரத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

கண்ணுசாமிக்கு ஐம்பத்தேழு வயது. இதே பொட்டலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பெரிய பண்ணையில் களத்து வேலை. நெல்லடித்து, தூற்றி, அம்பாரம் குவித்துவிட்டு வெறுங்கையோடு ஒதுங்கி நிற்க வேண்டும். பண்ணை வீட்டிலிருந்து ஒருவர் மரத்தில் செதுக்கிய முத்திரையைக் கொண்டுவருவார். அதைச் சாம்பலில் தொட்டு அம்பாரத்தின் மேல் வரிசையாகப் பதிப்பார். ஒரு பிடி நெல் எடுத்தாலும் சரிந்து குறி கலைந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணுசாமிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு வருஷம் குறி கலைந்திருந்தது. எலியோ, காக்கையோ. கண்ணுசாமியின் அப்பாவைக் களத்து நடுவில் வெயிலில் நிற்க வைத்து, அம்பாரத்தை முழுக்க மரக்காலால் அளந்தார்கள். அளந்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. நெல் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அறுவடை மெஷின் வந்தது, களம் போனது. கண்ணுசாமி சிங்கப்பூர் போய் நான்கு வருஷம் கட்டட வேலை செய்தார். முப்பது மாடி ஏற்றினார். கடைசிக் கண்ணாடியைப் பொருத்தியதும் வாசலில் காவல் போட்டு, அடையாள அட்டை இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். திரும்பி வந்து ஓர் ஏக்கர் வாங்கினார். இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். சொந்த அம்பாரம் குவித்த முதல் வருஷம், சாம்பலைத் தொட்டுத் தன் கையாலேயே குறி வைத்தார். யார் எடுக்கப் போகிறார்கள் என்று ரெங்கம்மாள் கேட்டதற்கு, "எடுக்க மாட்டாங்க. இருந்தாலும் நம்மளும் ஒரு தடவ வச்சுப் பாப்பமே" என்றார். அதன் பிறகு வைக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். நம்பர் பதிமூன்று குணசேகரனுடையது. அப்பா களத்து வேலை பார்த்த அந்தப் பண்ணையின் கடைசி வாரிசு. மகன்கள் இருவரும் கனடாவில். பண்ணையில் மிச்சம் நான்கு ஏக்கர். அதற்கும் சாக்கு இல்லை. குணசேகரன் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அதைத் தவிர இருவருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லாமல் போனதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம். கண்ணுசாமி அவரை 'நீங்க' என்பார். 'ஐயா' என்று சொல்ல மாட்டார். குணசேகரன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். தூறல். ஜாஃபர் சாதிக் மொபெட்டில் டீ கேனோடு வந்து கொட்டகையோரம் நின்றார். அவருடைய பணப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒரு டாலர் நோட்டு ஒட்டியிருக்கும். கப்பல் வேலைக்குப் போன அவருடைய அண்ணன் முதல் சம்பளத்தில் கொடுத்தது. அதை ஒட்டியதிலிருந்து வியாபாரம் குறையவில்லை என்பார். கூடவும் இல்லை என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு உறை பெயர்ந்து திரும்பித் தொங்கியது. கண்ணுசாமி நோட்டின் பின்பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"என்ன பாய், அமெரிக்காக்காரனும் நெல்லு போடுறானா?"

"எங்கண்ணே?"

"இதோ. அம்பாரம் குவிச்சு, மேல கண்ண வச்சிருக்கான்."

குணசேகரன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது பிரமிடு, கண்ணுசாமி. எகிப்து. உள்ள ராஜாவை வச்சு மூடிடுவான். அவரு பசியாறக் கோதுமையும் வச்சு மூடுவான். மூவாயிரம் வருஷம் கழிச்சு அந்தக் கோதுமைய எடுத்து வெதச்சிருக்காங்க. மொளச்சுது."

"நமக்கு மூணு நாள்லயே மொளக்குது" என்றார் கண்ணுசாமி.

ஜாஃபர் சாதிக் டீயைச் சிந்திவிட்டார். குணசேகரன் சிரிக்கவில்லை. "நம்ம பெரிய கோயில் விமானம் மட்டும் என்னவாம்? அதுவும் பிரமிடுதான். அந்தக் காலத்துல ஆயிர ரூவா நோட்டுலயே அதைத்தான் போட்டிருந்தான். எங்கப்பா பெட்டியில இருந்துச்சு. எழுவத்தெட்டுல செல்லாதுன்னுட்டான். ராத்திரியோட ராத்திரியா போச்சு."

"எங்கப்பாவுக்கு அந்தக் கஷ்டம் வரலீங்க. அவரு அந்த நோட்டப் பாத்ததே இல்ல."

"அந்த விமானத்தோட நெழல் தரையில விழாது. அது தெரியுமா?"

"நான் அந்த நெழல்ல உக்காந்து புளிச்சோறு தின்னுருக்கனே."

குணசேகரன் கொஞ்சம் யோசித்தார். "அது வேற நெழலா இருக்கும்" என்றார்.

சாயங்காலம் எழில்மொழி போன் செய்தாள்.

"அப்பா, சாக்கு வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு. அத வுடு. டாலர்ல ஒரு பிரமிடு இருக்குல்ல, அது என்னாது?"

எழில்மொழி சொன்னாள். "அது முடியாத பிரமிடுப்பா. பதிமூணு அடுக்கு. அவங்க நாடு ஆரம்பிச்சப்ப பதிமூணு மாநிலம், அந்தக் கணக்கு. அடியில ரோமன் எழுத்துல ஆயிரத்து எழுநூத்து எழுவத்தாறுன்னு வருஷம் போட்டிருக்கும். நாடு இன்னும் வளரணும்னு உச்சிய முடிக்காம வுட்டுருக்காங்க."

"மேல இருக்குற கண்ணு?"

"தெய்வத்தோட கண்ணு. கீழ நடக்குறதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாத்துக்குதாம்."

"உச்சி முடியாததுக்குக் காரணம் வேறயா இருக்கும்."

"என்ன?"

"கூலி பாக்கி வச்சிருப்பான்."

அவள் சிரித்தாள். எகிப்தில் ராஜா செத்தபின் சூரியனிடம் ஏறிப் போகிற படி என்று பிரமிடை நினைத்தார்கள் என்றும், மெக்சிகோவில் உச்சியில் கோயில் வைத்து நிஜமாகவே படிக்கட்டில் ஏறினார்கள் என்றும், கோதுமை முளைத்தது கட்டுக்கதை என்றும் சொன்னாள். கண்ணுசாமிக்கு ராஜா எங்கே போனான் என்பதில் அக்கறை இல்லை.

"கட்டுனவன்லாம் எங்கம்மா படுத்தான்?"

"பக்கத்துலயே அவங்களுக்கும் ஊரு இருந்துச்சுப்பா. தோண்டி எடுத்துருக்காங்க. ரொட்டியும் பீரும் கூலி."

"பரவால்லயே. இங்க டீ மட்டுந்தான்."

"அப்பா, வியாழக்கெழம வந்துருவல்ல?"

"வராம?" என்றார் கண்ணுசாமி, அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அந்த நோட்டை இரவல் கேட்டார். எதற்கு என்று ஜாஃபர் சாதிக் கேட்டதற்கு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். அண்ணன் கொடுத்தது, பத்திரம் என்று உறையோடு கழற்றிக் கொடுத்தார் ஜாஃபர் சாதிக்.

ஐந்து நாளாகச் சும்மா கிடந்த மனிதனுக்குக் கையில் ஒரு படம் கிடைத்தால் என்ன செய்வான்? கண்ணுசாமி அம்பாரத்தை நான்கு மூலையாக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் குவியல் எல்லாம் அமுங்கின தலையணை மாதிரி. நடுவில் பள்ளம், படுதாவில் மழைத் தண்ணீர் குளம் கட்டும். கண்ணுசாமி ஒரு பலகையால் நான்கு பக்கமும் சரிவு தட்டினார். டாலரில் இருக்கிற செங்குத்துக்கு நெல் ஒப்புக்கொள்ளவில்லை. நெல்லுக்கென்று ஒரு சாய்வு இருக்கிறது, அதற்கு மேல் வற்புறுத்தினால் சரிந்துவிடும். அதன் சாய்வுக்கே விட்டுக்கொடுத்து, மார்பளவு உயரத்தில், உச்சியை மட்டும் டாலரில் இருப்பது போல மொட்டையாக விட்டார். படுதா போட்டால் தண்ணீர் நான்கு பக்கமும் வழுக்கி ஓடியது. வெயில் அடித்தால் பிரித்துப் பரப்புவார். மேகம் கூடினால் மறுபடி கட்டுவார். நாளொன்றுக்கு இரண்டு பிரமிடு. எகிப்துக்காரன் இந்த வேகத்தில் வேலை செய்திருந்தால் பாலைவனத்தில் மணலே மிஞ்சியிருக்காது.

"கோயில் கட்டுற மாதிரில்ல கட்டுற" என்றார் குணசேகரன் நாற்காலியிலிருந்து.

"உள்ள யாரையும் வைக்கலீங்க. பயப்படாதீங்க."

வந்த அன்றைக்கு அவர் நெல் ஈரம் பத்தொன்பது. அடுத்த திங்கட்கிழமை பதினேழரை. புதன்கிழமை மத்தியானம் பதினாறு புள்ளி எட்டு. மெஷின் பார்த்த உதவியாளர் நம்பாமல் இன்னொரு பிடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதே பதினாறு புள்ளி எட்டு. குணசேகரன் நெல் பதினெட்டு புள்ளி இரண்டு. சாக்கு வியாழன் காலை கட்டாயம் வந்துவிடும், வந்ததும் தகுதியான நெல்லை வரிசைப்படி எடுப்போம் என்றார்கள். வியாழன் காலை. கண்ணுசாமி செல்போன் உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளும் வராத சாக்குக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். போனால் மறுபடி எப்போது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை கனமழை என்று எல்லாப் போனிலும் வந்துவிட்டது. ரெங்கம்மாளைக் காவல் வைத்துவிட்டுத் தான் மட்டும் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அவளிடமும் ஒரு சீட்டு இருக்கிறதே.

குணசேகரன் நாற்காலியை மடக்கி எழுந்தார். "கண்ணுசாமி, பொண்ணுக்கு நாளைக்குப் பட்டம்னு பாய் சொன்னாரு. நீ போயிட்டு வா. என்னோடத நாளைக்கு எடுக்கப் போறதில்ல. நான் உக்காந்து ஒன்னோடதப் பாத்துக்கறேன்."

மனிதர் நல்லவிதமாகத்தான் சொன்னார். இந்தப் பத்து நாளில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரு அம்பாரம், பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் அந்த வீட்டு ஆள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெயில் வந்து உச்சந்தலையில் விழுந்தது.

"சரிங்க" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கண்ணுசாமி படுதாவை விலக்கி, யாரும் வருவதற்கு முன் மொட்டை உச்சியில் ஒரு பிடி சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, அருகம்புல் சொருகினார். அது எல்லோரும் செய்வதுதான். பிள்ளையாருக்கு அடியில், நெல்லுக்குள் ஒரு விரல் ஆழத்தில், டாலரை உறையோடு பிரமிடு பக்கம் மேலாகப் படுக்க வைத்தார். அது யாரும் செய்யாதது. சாம்பல் குறி வைத்தால் குணசேகரன் பார்த்துவிடுவார், மனம் நோகும். டாலரில் இருக்கிற கண் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கை கால் இல்லாத கண்தான். கல் தூக்காது, சாட்சி சொல்லவும் வராது. இருந்தாலும், அந்த வீட்டு ஆள் தன் நெல்லைப் பார்த்துக்கொள்ளும்போது அந்த வீட்டு ஆளை எதுவாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணுசாமிக்குத் தோன்றிவிட்டது.

குணசேகரன் ஏழு மணிக்கு நாற்காலியை நம்பர் பதினான்கின் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணும் கவலப்படாத" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணுசாமிக்குக் கவலை ஆரம்பித்தது.

ரெங்கம்மாளையும் மகளையும் முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டிருந்தார். அவர் ஏறிய பஸ் நீடாமங்கலத்துக்குள் நுழைந்ததும் ரயில்வே கேட்டில் நின்றது. நெல் மூட்டை ஏற்றிய ஒரு சரக்கு ரயில், ஒவ்வொரு பெட்டியாக, தன்னை எல்லோரும் எண்ண வேண்டும் என்பது போல நகர்ந்தது. போய், நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி போனது. பிரமிடுக்குள் வைத்து மூடிய ராஜாவுக்குக்கூட இவ்வளவு புழுக்கம் இருந்திருக்காது. பத்தே முக்காலுக்குத் தஞ்சாவூர். ஆட்டோ பிடித்து மண்டபம் போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். சீட்டைக் காட்டினார். விழா தொடங்கிய பின் யாரையும் விடக் கூடாது என்றார் காவலர். அவரும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே கொட்டகையில் பெரிய திரை வைத்திருந்தார்கள். தாமதமாக வந்த அப்பாக்கள் ஒரு முப்பது பேர் அண்ணாந்து நின்றார்கள். கண்ணுசாமியும் நின்றார். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். கண் திரையில் இருந்தது. மனசு அம்பாரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. குறி கலைந்திருக்குமா, படுதா விலகியிருக்குமா, அந்த மனிதர் நாற்காலியிலேயே இருப்பாரா. வரலாறு தொடங்கிவிட்டது. "க. எழில்மொழி" என்று ஒலிபெருக்கி சொன்னபோது சட்டைப் பையில் செல்போன் அடித்தது. குனிந்து எடுத்தார்.

"கண்ணுசாமி, சாக்கு வந்துருச்சு. ஒன்னோடத எடுக்கச் சொல்லிட்டேன். தராசு பக்கத்துலதான் நிக்கறேன்" என்றார் குணசேகரன்.

நிமிர்ந்தபோது திரையில் வேறு யார் மகளோ இறங்கிக்கொண்டிருந்தாள்.

கறுப்பு அங்கியோடு வெளியே வந்த எழில்மொழி நேராக அவரிடம் வந்தாள். "பாத்தியாப்பா?"

"பாத்தேன்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா நிமுந்து நடந்த" என்றார். அவள் எப்போதும் அப்படித்தான் நடப்பாள். தப்பாக இருக்க வழியில்லை.

மூன்று மணிக்குக் கண்ணுசாமி பொட்டலுக்குத் திரும்பியபோது நம்பர் பதினான்கு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு காய்ந்த தரை இருந்தது. நூற்று ஐம்பத்தோரு மூட்டை, நாற்பது கிலோ வீதம், கட்டி ஏற்றி லாரி போயாகிவிட்டது. குணசேகரன் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு போட்ட காகிதத்தை நீட்டினார். தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளித் தனியாக ஒரு சாக்கில் வைத்திருந்தார். மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை என்று ஜாஃபர் சாதிக் சொன்னார். நெல் சரியாக இருந்தது.

கண்ணுசாமி காகிதத்தை மடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்ல வேண்டும். அதற்குள் மூட்டை தூக்குகிற பரிதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒங்க நெல்லுல டாலரு இருந்துச்சுண்ணே. உச்சியில மம்பட்டி போட்டன், பிள்ளையாரோட சேந்து வந்துச்சு. என்னான்னு பாக்கறதுக்குள்ள சாக்குக்குள்ள போயிருச்சு. எந்தச் சாக்குன்னு தெரியல, தெச்சுட்டாங்க."

பொட்டலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குணசேகரன் நாற்காலியை மடக்கப் போனவர் மடக்காமல் நின்றார்.

"டாலரா? அத எதுக்கு நெல்லுக்குள்ள வச்ச?"

உங்களைப் பார்த்துக்கொள்ள என்று எப்படிச் சொல்வது? சாப்பிடாமல், காய்ந்த முகத்தோடு, கையில் மூட்டைக் கணக்கோடு நிற்கிற மனிதரிடம்? கண்ணுசாமி தரையைப் பார்த்தார். வாயில் முதலில் வந்ததைச் சொன்னார்.

"ஈரம் ஏறாம இருக்கத்தாங்க."

பிறகு குணசேகரன் மெதுவாகத் தலையை ஆட்டினார். பதினாறு புள்ளி எட்டு. நான்கு மூலை. கோதுமை, மூவாயிரம் வருஷம். எல்லாம் அவருக்குச் சேர்ந்து வந்துவிட்டது.

"அதான பாத்தேன்" என்றார்.

தினம் இரண்டு தடவை பிரித்துக் கட்டியதில்தான் நெல் காய்ந்தது, சரிவினால்தான் படுதாவில் தண்ணீர் நிற்கவில்லை என்று கண்ணுசாமி அடுத்த நாளே நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தார். ரகசியத்தை மறைக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை மழைக்கு முன்பே குணசேகரன் அம்பாரத்துக்கு நான்கு மூலை வந்துவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளோடு ஆளாகப் பலகையால் தட்டிக்கொண்டிருந்தார். மடக்கு நாற்காலி காலியாகக் கிடந்தது. அடுத்த வாரம் பொட்டல் முழுக்க பிரமிடு. பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் ஒரு நோட்டு அனுப்பச் சொல்லி எழுதினார்கள். சிலருக்கு ஈரம் குறைந்தது. பிரித்துக் கட்டச் சோம்பல்பட்டவர்களுக்கு டாலரோடு சேர்த்து முளைத்தது. முளைத்தவர்கள், நோட்டு தலைகீழாக இருந்திருக்கும் என்றார்கள்.

கண்ணுசாமியால் அந்தப் பக்கம் போக முடியவில்லை; போகாமலும் இருக்க முடியவில்லை. அடுத்த போகத்துக்கு, தாளடிக்கு, நாற்று விட்ட வயல் பொட்டலைத் தாண்டித்தான் இருக்கிறது. போனால் மூலை சரியா என்று கேட்பார்கள். சரி என்றால் பொய். தப்பு என்றால் வந்து சரி செய்துவிட்டுப் போ என்பார்கள். எல்லோரையும்விடக் குணசேகரன்தான் பெரிய தொல்லை. வெளியூர் ஆள் யார் வந்து கேட்டாலும் கண்ணுசாமி தோளில் கையைப் போட்டு, "நம்ம ஆளுதான் கண்டுபிடிச்சாரு" என்கிறார். அவர் கையை எடுக்கிறவரை கண்ணுசாமி நின்ற இடத்திலிருந்து நகர்வதில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றி இன்னும் பாக்கி. சொல்லப் போனால் டாலரைச் சொல்லாமல் முடியாது.

எழில்மொழியின் தோழி எடுத்த வீடியோ வீட்டில் இருக்கிறது. அவளுடைய பெயரைக் கூப்பிடுகிற அந்தப் பத்து விநாடியைக் கண்ணுசாமி தனியாக இருக்கும்போது மட்டும் போட்டுப் பார்க்கிறார். நிமிர்ந்துதான் நடக்கிறாள்.

அந்த டாலர் இப்போது திறந்தவெளிக் கிடங்கில், நூற்று ஐம்பத்தோரு மூட்டையில் ஏதோ ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அங்கே மூட்டைகளை அடுக்கடுக்காக மேலே குறுகிப் போகிற மாதிரி அட்டி போட்டுக் கறுப்புப் படுதா மூடியிருக்கிறார்கள். கண்ணுசாமி ஒருநாள் சைக்கிளில் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். நாற்பது அட்டிகள். எண்ணிப் பார்த்ததில் ஒன்றில் பதிமூன்று அடுக்கு இருந்தது. அதில்தான் இருக்கும் என்று நினைக்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று திரும்பிவிட்டார்.

ஜாஃபர் சாதிக்கிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, குணசேகரன் காதுக்குப் போகாது என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கண்ணுசாமி ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். இன்றைய விலைக்கு ஒரு டாலருக்குப் போதுமானது.

"இது எனக்கு எதுக்குண்ணே? நான் தினம் சம்பாரிக்கிறேன். எங்கண்ணன் குடுத்த நோட்டுல்ல அது."

"அதே மாதிரி வேற நோட்டு வாங்கித் தந்தா?"

"அது வேற யாரோட அண்ணனோ குடுத்ததா இருக்கும்."

கண்ணுசாமி தினம் காலையில் டீ குடிக்கிறார். பணப்பெட்டியின் மூடி திறந்தே இருக்கிறது. உள்பக்கம், உறை ஒட்டியிருந்த இடத்தில் நான்கு மூலையாக ஒரு வெளுப்பு. டீக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் ஜாஃபர் சாதிக் வாங்கி உள்ளே போடுகிறார். போட்டுவிட்டு, அதே கையை மறுபடி நீட்டுகிறார்.

"தரேன் பாய்" என்கிறார் கண்ணுசாமி.